கொஹிமா சிப்பாயின் உடுப்பு: ஒரு முழுச் சோதனை

இரண்டாம் உலகப்போரை உடையோடும் ஆயுதத்தோடும் திரும்ப நடத்திக் காட்டும் ரீஎனாக்ட்மென்ட் நிகழ்ச்சிகளுக்கு இங்கிலாந்தில் குறைச்சலே இல்லை. கோடையில் ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போனால் அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் மொய்த்துக் கிடப்பார்கள், ஜெர்மானியர்கள் ஒரு பட்டாளம், நார்மண்டியில் இறங்கிய பிரிட்டிஷ்காரர்கள் இன்னொரு பட்டாளம். இந்திய சிப்பாய் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். கிடைத்தாலும் பெரும்பாலும் அவர் போட்டிருப்பது பிரிட்டிஷ் சிப்பாயின் உடுப்பு, மேலே ஒரு தலைப்பாகை, அவ்வளவுதான். சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்த ராணுவத்தை இப்படி ஒரு முழத் துணியில் முடித்துவிடுகிறார்களே என்று எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு சீக்கிய இளைஞரின் உடுப்பை எப்படிப் பிரித்து, திரும்ப எப்படிக் கூட்டினோம் என்பதைத்தான் இங்கே விவரமாகச் சொல்லப்போகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தா பர்மாப் போரில் இருந்தவர் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லும் சேதி. எந்தப் படைப்பிரிவு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பி ஆர்வத்தில், எங்களிடம் வருவதற்கு முன்பே, 'பர்மா இந்திய வீரர் முழு செட்' என்று ஒரு விற்பனையாளரிடம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிவிட்டார். பொதுமக்கள் முன்னால் நிற்பதற்கு முன் உடைச் சோதனை என்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்திய ராணுவம் என்றால் அது என் தலையில்தான் விழும், வேறு யாருக்கும் அதில் அக்கறை கிடையாது.

உடுப்பைப் பிரிப்பதற்கு முன்னால் நான் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள், எந்த மாதம்? 'பர்மா, 1942லிருந்து 1945 வரை' என்றார். அப்படி ஒரு சிப்பாய் இருந்ததே இல்லை. 1942 ஆரம்பத்தில் ரங்கூனிலிருந்து பின்வாங்கி வந்தவர்கள் காக்கி ட்ரில் என்ற கெட்டியான பருத்தித் துணி உடுப்பு போட்டிருந்தார்கள். அதன் பிறகுதான் இந்தியாவில் அவசர அவசரமாகக் காக்கித் துணியைப் பச்சைச் சாயத்தில் முக்கத் தொடங்கினார்கள், பின்னால் பச்சையாகவே தைத்த உடுப்பு வந்தது. 1945 மே மாதம் ரங்கூனுக்குத் திரும்பப் போனவன் பார்வைக்கே வேறு ஆள். நாளும் இடமும் முடிவாகாமல் ஒரு பட்டனைக்கூடச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல முடியாது.

கடைசியில் 1944 ஏப்ரல், ஜப்பானியர் முற்றுகையிட்ட கொஹிமா (இன்றைய நாகாலாந்தின் தலைநகர்), 1வது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 1வது பட்டாலியன் என்று முடிவுசெய்தோம். காரணம் எளிது. அந்த ரெஜிமென்ட்டில் பஞ்சாபி முஸ்லிம்களோடு சீக்கியர்களும் இருந்தார்கள். 5வது இந்திய டிவிஷனின் 161வது பிரிகேடில் ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், 7வது ராஜ்புத் ரெஜிமென்ட்டின் 4வது பட்டாலியன், அப்புறம் இந்தப் பஞ்சாப் பட்டாலியன், மூன்றும் சேர்ந்திருந்தன. கொஹிமா என்றாலே இங்கே எல்லோரும் வெஸ்ட் கென்ட்காரர்களின் முற்றுகையைத்தான் பேசுவார்கள், நியாயம்தான், ஆனால் அதே மலைமுகட்டில் ராஜ்புத் வீரர்களும் அசாம் ரெஜிமென்ட்காரர்களும் இருந்தார்கள், ஏப்ரல் 18 அன்று முற்றுகையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது பஞ்சாப் பட்டாலியன். இதைக் காட்சியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குத் தம்பி சரியாக வந்து மாட்டினார்.

தேதி முடிவானதும் ஒரு முக்கியமான விஷயம் தானாகவே கைக்கு வந்தது. இந்த டிவிஷன் மார்ச் மாதம் வரை பர்மாவின் மேற்குக் கரையில் இருக்கும் அரக்கானில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து டகோட்டா விமானங்களில் ஏற்றி இம்பாலுக்கும் திமாப்பூருக்கும் கொண்டுவந்தார்கள். விமானத்தில் எடை முக்கியம், ஆக ஆளோடு வந்தது உடம்பில் இருந்ததும் முதுகில் சுமந்ததும்தான். ஏற்கெனவே சில மாதம் சேற்றில் புரண்ட உடுப்பு. கடையில் இருந்து இன்று வந்ததுபோல மடிப்புக் கலையாமல் நின்றால் அது கொஹிமா இல்லை.

சரி, சட்டைக்கு வருவோம். தம்பி வாங்கியிருந்தது பச்சை புஷ் ஜாக்கெட். பார்த்தவுடன் அழகாகத்தான் இருந்தது. காலருக்குள்ளே லேபிளைத் திருப்பினால் 1950ஆம் ஆண்டு வடிவம் என்று அச்சிட்டிருக்கிறது. மலேயா அவசரநிலைக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் போட்ட உடுப்பு இது. ராணுவக் கழிவுச் சாமானாகக் கொட்டிக் கிடக்கிறது, விலையும் குறைவு, பச்சையாகவும் இருக்கிறது, உடனே 'பர்மா' என்று சீட்டு ஒட்டி விற்றுவிடுகிறார்கள். கால்சட்டையும் அதே ஜாதி. இரண்டையும் ஓரமாக வைத்தோம். மலேயா காட்சி நடத்தும் இன்னொரு குழுவுக்கு அவை அப்படியே பொருந்தும் என்பதால் தம்பிக்குப் பணம் முழுசாகப் போகவில்லை.

மாற்றாக என்ன? உண்மையான 1944 இந்தியத் தயாரிப்புப் பச்சை உடுப்பு இன்று கிடைப்பது அபூர்வம். பருவமழையில் மட்கிப்போனது ஒரு பங்கு, அழுக்கும் பேனும் ஏறி எரித்தது ஒரு பங்கு. கிடைத்தாலும் அதைப் போட்டுக்கொண்டு புல்தரையில் உருள்வது பாவம், அதன் இடம் கண்ணாடிப் பெட்டி. அதனால் புதிதாகத் தைத்ததுதான் வழி, அதில் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதலில் துணி. அப்போது இரண்டு வகை துணி கலந்து புழங்கியது: ஒன்று கெட்டியான பருத்தி ட்ரில், இன்னொன்று சல்லடைபோலக் கண்ணிகண்ணியாக நெய்த ஏர்டெக்ஸ். ஏர்டெக்ஸ் காற்றுக்கு நல்லது, ஆனால் கொசு அதன் வழியாகவே கடிக்கும். இதைச் சொல்லும்போதெல்லாம் பார்வையாளர்கள் சிரிப்பார்கள், ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. 1943இல் காயம்பட்டு வெளியேறிய ஒவ்வொரு ஆளுக்கும் நோயால் வெளியேறியவர்கள் 120 பேர் என்பது, பர்மாப் போரில் 14வது ராணுவத்தை நடத்திய ஜெனரல் ஸ்லிம் தந்த கணக்கு. அதில் மலேரியாவின் பங்கு பெரியது. அதனால்தான் தினமும் மெபாக்ரின் மாத்திரை, சாயங்காலம் ஆனால் சட்டைக்கையை இறக்கிவிட வேண்டும் என்ற உத்தரவு, மாத்திரை கொடுப்பதில் அலட்சியம் காட்டிய பட்டாலியன் தளபதிகளின் பதவியே பறிபோனது. ஆகவே கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, சினிமா ஹீரோ மாதிரி, மாலை நேரக் காட்சியில் நிற்காதீர்கள். முழுக்கை, முழுக்கால்சட்டை, பட்டனைப் போடுங்கள்.

அடுத்து சாயம். போர்க்கால இந்தியப் பச்சைச் சாயம் துவைக்கத் துவைக்க வெளுத்துக்கொண்டே போகும். ஒரே பிளட்டூனில் ஒருவன் சட்டை கரும்பச்சை, பக்கத்தில் நிற்பவனுடையது சாம்பல் கலந்த பச்சை, ஒருவனுக்கே மேல்சட்டை ஒரு நிறம் கால்சட்டை ஒரு நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். புதிய நகல்கள் எல்லாம் ஒரே டின் பெயின்ட்டில் முக்கியதுபோல ஒரே பச்சை. இதைச் சரிசெய்ய தம்பி, சாயம் ஏற்றாத பருத்தி ட்ரில்லில் உடுப்பைத் தைக்கச் சொல்லி, சட்டையையும் கால்சட்டையையும் தனித்தனியாகச் சாயம் போட்டார். இங்கேதான் ஒரு சூட்சுமம்: தைத்த நூலும் பருத்தியாக இருக்க வேண்டும். இப்போது தையற்காரர்கள் போடுவது பாலியஸ்டர் நூல், பருத்திச் சாயம் அதில் பிடிக்காது, துணி பச்சையாகிவிடும், தையல் மட்டும் கோடு கோடாக வெளுப்பாகப் பல்லை இளிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு இழை நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

இன்றைய நல்ல சாயங்கள் லேசில் வெளுக்காது, அதுவும் ஒரு தொல்லை. சலவைச் சோடாவில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, திரும்ப ஊறவைத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இங்கிலாந்து வெயிலை நம்பி இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஜூன் மாதத்துக்கு முன் தொடங்க வேண்டாம்.

கொஹிமா என்றதும் பலர் கொதிக்கும் காடு என்று நினைக்கிறார்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம், ஏப்ரல் ராத்திரியில் மழையும் சேர்ந்தால் பல்லு கிட்டும். அதனால் சட்டைக்கு மேல் ஒரு கம்பளி ஜெர்சி, கம்பளிப் போர்வை ஒன்று, ஈரம் ஏறாத தரைவிரிப்பு ஒன்று. தம்பி செட்டில் இவை மூன்றும் இல்லை. விற்பவருக்கு பர்மா என்றால் காடு, காடு என்றால் சூடு.

வெப்பிங், அதாவது சிப்பாய் சாமான் சுமக்கும் பெல்ட், பைகள், வார்கள் எல்லாம் சேர்ந்த செட், இந்தச் சமாசாரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தம்பிக்குக் கிடைத்திருந்தது 1944ஆம் ஆண்டு வடிவம். கரும்பச்சை, லேசு, தண்ணீரில் சீக்கிரம் உலரும், காட்டுச் சண்டைக்கென்றே யோசித்துச் செய்தது. 'பெயரிலேயே 1944 இருக்கிறதே, காட்டுக்குத்தானே செய்தார்கள்' என்று வாதாடினார். வாதம் சரிதான், ஆனால் வடிவம் முடிவாகி, தயாராகி, கப்பலேறிச் சிப்பாயின் கைக்கு வர காலம் பிடிக்குமே. பர்மாவில் பட்ட பாட்டிலிருந்து பிறந்த இந்த வெப்பிங் பர்மாச் சண்டைக்கே தாமதமாகிவிட்டது. கொஹிமாவில் இருந்தவன் சுமந்தது 1937ஆம் ஆண்டு வடிவம்தான்: கனமான காக்கிப் பட்டைகள், இரண்டு பெரிய பைகள், ஒவ்வொன்றிலும் பிரென் துப்பாக்கியின் மேகசின் இரண்டு அடங்கும், பித்தளைக் கொக்கிகள், முதுகில் சின்ன மூட்டை. நனைந்தால் கனம் கூடும், காய்ந்தால் விறைக்கும். அந்த அவஸ்தையோடுதான் சண்டை போட்டார்கள்.

அதிலும் இந்தியத் தயாரிப்பு வேண்டும் என்றேன். பிரிட்டிஷ் தயாரிப்பைவிட நெசவு முரடு, நிறம் சீராக இருக்காது. முத்திரையில் அகன்ற அம்புக்குறியோடு ஆங்கில 'ஐ' (I) எழுத்து. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியாவும் பாகிஸ்தானும் இதே 1937 வடிவத்தைப் பல வருடம் செய்துகொண்டே இருந்தன. இந்திய முத்திரை இருக்கிறது என்ற சந்தோஷத்தில் ஆண்டைப் பார்க்காமல் வாங்கினால் 1950களின் பெல்ட்டோடு 1944இல் நிற்பீர்கள். மங்கிய முத்திரையை டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எண் தெரியும். தம்பி பெல்ட்டையும் பைகளையும் 1942, 1943 முத்திரையோடு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார், தோள் வார்கள் மட்டும் நகல். தண்ணீர்க் குடுவை நீல எனாமல் பூசியது, மேலே கம்பளி உறை. செட்டில் வந்த அலுமினியக் குடுவை 1944 வடிவத்தோடு சேர்ந்தது, அதுவும் போனது. பித்தளையைத் தேய்த்துப் பளபளக்க வைக்க வேண்டாம் என்று சொல்லியும் முதல்நாள் மின்னிக்கொண்டுதான் வந்தார், வீட்டில் அப்பா பழக்கமாம்.

துப்பாக்கிக் கதை இதைவிட மோசம். 'இஷாப்பூர் லீ என்ஃபீல்டு, இந்திய ராணுவம், உலகப்போர்' என்று எழுதி விற்ற, சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த ரைஃபிள். தூரத்திலிருந்தே மேகசின் பெட்டி சதுரமாகத் தெரிந்தது, எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. இஷாப்பூர் தொழிற்சாலை 1960களில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்த 2ஏ வரிசைதான் இது. வங்காளத்து இஷாப்பூர் என்பது உண்மை, லீ என்ஃபீல்டு குடும்பம் என்பதும் உண்மை, போர் மட்டும் இருபது வருடம் தள்ளி. அந்தத் தொழிற்சாலைதான் போரின்போது இந்திய ராணுவத்துக்கு .303 தோட்டா போடும் நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் ரைஃபிளைச் செய்து தள்ளியது. போல்ட் பக்கத்தில் கழுத்துப் பகுதியைப் பார்த்தால் போதும்: போர்க்காலத்ததில் கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' எழுத்தும் ஆண்டும் இருக்கும், சுதந்திரத்துக்குப் பிந்தையதில் அசோகச் சிங்கமும் 'ஆர்.எஃப்.ஐ.' எழுத்தும். அதை விற்றுவிட்டு 1942 முத்திரையோடு ஒன்று வாங்கினார். அதற்கு 1907 வடிவ நீளக் கத்திமுனை (பயனெட்), 17 அங்குலம். இந்தியாவில் பிறகு 12 அங்குலத்துக்குக் குறைத்த கத்திமுனைகளும் செய்தார்கள், காட்டில் நீளக் கத்தி கொடியில் சிக்கும் என்பதால் எனக்கு அந்தக் குட்டைதான் பிடித்தம், தம்பிக்கும் அதுவே அமைந்தது.

காலுக்கு வந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆணியடித்த தோல் அம்யூனிஷன் பூட்ஸ், மேலே குட்டைப் பட்டி. இந்தியத் தயாரிப்பு பூட்ஸ் என்றால் கான்பூர் பெயர்தான் முதலில் வரும், கூப்பர் ஆலன் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. நம்மூரும் இதில் இருக்கிறது: பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் மில், நமக்குப் பின்னி மில், ராணுவத்துக்குக் காக்கி நெய்து பேர் வாங்கியது. பட்டியை இழுத்துச் சுற்றினால் கணுக்கால் பிடிமானமாக இருக்கும், அட்டை ஏறாது. தளரச் சுற்றினால் பத்தாவது அடியில் அவிழ்ந்து வாலாட்டும்.

தலைப்பாகையில் நான் வாயைத் திறக்கவில்லை, திறப்பதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் தம்பி கட்டியிருந்தது கல்யாண வீட்டுக்கு ஏற்ற, கூர் மடிப்புகளோடு உயர்ந்து நிற்கும் கட்டு. பழைய படங்களை அவர் முன்னால் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவராகவே குருத்வாராவில் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் சாதாரண பருத்தி மஸ்லினில், இன்னும் தாழ்வாக, இறுக்கமாக, பதுங்குகுழிக்குள் குனிந்து ஓடினாலும் அசையாதபடி கட்டச் சொல்லிக்கொடுத்தார். படத்தில் இருந்ததற்கு அது அச்சுஅசலாக நெருங்கியது. செட்டில் கொடுத்திருந்த இரும்புத் தொப்பி தேவையே படவில்லை. சீக்கியர்கள் அதைப் போட மறுத்தது ஊரறிந்த விஷயம், செட் கட்டியவருக்கு மட்டும் தெரியவில்லை.

சில்லறைச் சாமான்களில் இரண்டு பெரிய தப்பு இருந்தது. தோளில் கருப்புப் பூனைச் சின்னம். அது 17வது இந்திய டிவிஷனுடையது, பிரபலமான சின்னம் என்பதால் எல்லோருக்கும் அதையே தைத்துக் கொடுக்கிறார்கள். 5வது டிவிஷனின் சின்னம் சிவப்பு வட்டம், நெருப்புப் பந்து என்று அழைத்தார்கள். சண்டை உடுப்பில் சின்னமே இல்லாமல் விட்டாலும் குற்றமில்லை, நாங்கள் விட்டுவிட்டோம். நெஞ்சில் பர்மா ஸ்டார் பதக்க நாடா. அந்தப் பதக்கம் 1945இல்தான் உருவானது. 1944 ஏப்ரலில் அதைக் குத்திக்கொண்டு நிற்பவன் ஜோசியக்காரனாகத்தான் இருக்க முடியும். இன்னொரு விஷயம், அவரை 'பிரைவேட்' என்று கூப்பிட்ட எங்கள் ஆட்களை நிறுத்தி, 'சிப்பாய்' என்று சொல்லப் பழக்கினேன். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று அந்த ராணுவத்துக்கு அதன் பதவிப் பெயர்கள் இருந்தன, உடுப்பு சரியாக இருந்து கூப்பிடுவது தப்பாக இருந்தால் என்ன பிரயோஜனம்?

காட்சி மேசையில் சணல் துணியில் ஒரு சின்னப் பாராசூட் செய்து வைத்தோம். பட்டுத் துணிப் பாராசூட்டுகள் கிடைக்காமல் ஸ்லிம் கல்கத்தாச் சணல் ஆலைக்காரர்களிடம் போய் நின்றார், அவர்கள் சணலிலேயே செய்து கொடுத்தார்கள். சாதாரணப் பாராசூட்டின் விலை 20 பவுண்டுக்கு மேல், இதன் விலை ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். ஆளை இறக்க இல்லை, அரிசி, ஆட்டா, தோட்டா இறக்க. முற்றுகைக்குள் இருந்தவர்களுக்குத் தண்ணீர்கூட வானத்திலிருந்து வந்தது, அதிலும் கொஞ்சம் காற்றில் ஒதுங்கி ஜப்பானியர் பக்கம் விழுந்தது. குழந்தைகள் வந்து தொட்டுப் பார்ப்பது ரைஃபிளை இல்லை, இந்தச் சாக்குப் பாராசூட்டைத்தான்.

சட்ட விஷயம் கேட்பவர்களுக்காக. இங்கிலாந்தில் அசல்போலத் தெரியும் நகல் துப்பாக்கியை விற்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை வைத்திருக்கிறது, வரலாற்று ரீஎனாக்ட்மென்ட்டுக்கு விலக்கு உண்டு, குழு சேர்ந்து காப்பீடு எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரயிலில் கொண்டுபோனால் உறைக்குள் மூடிக் கொண்டுபோங்கள். இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ராணுவ வீரர் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அதுபோன்ற உடுப்பைப் போடுவது குற்றம், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 140, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 168. 1944 உடுப்பைப் பார்த்து யாரும் இன்றைய ஜவான் என்று ஏமாற மாட்டார்கள்தான், இருந்தாலும் நிகழ்ச்சி நடக்கும் வளாகத்துக்குள்ளேயே போட்டுக் கழற்றிவிடுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கோடைக் காட்சியில் தம்பி நின்றார். வெளுத்த சட்டை, அதைவிடக் கருத்த கால்சட்டை, விறைத்த பெல்ட். பிரிட்டிஷ் உடுப்புக்காரர்களுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தபோது ஆள் முகத்தைப் பார்க்காமலே இரண்டு ராணுவம் என்று தெரிந்தது, எனக்கு வேண்டியிருந்தது அதுதான். யார்க் நகரத்து கொஹிமா அருங்காட்சியகத்துக்கும் போய்வந்துவிட்டு, இப்போது அடுத்த ஆசை வந்திருக்கிறது: இதே டிவிஷன் 1941 மார்ச்சில் எரித்ரியாவில் கேரன் மலையில் போட்ட சண்டை. காக்கி ட்ரில், அரைக்கால்சட்டை, கம்பளிக் காலுறை, எல்லாம் முதலிலிருந்து. 'வெப்பிங்கும் ரைஃபிளும் அப்படியே உதவும், இல்லையா?' என்று நம்பிக்கையோடு கேட்டார். பெல்ட்டிலும் 1942, ரைஃபிளிலும் 1942 என்று நினைவுபடுத்தினேன்.